காட்டிப் பிரிக்கிற வித்தை

"அனுப்பினது நீங்கதானே? ஆமாவா இல்லையா, அதை மட்டும்..."

"கை தவறிப் போச்சுன்னு சொல்லிட்டே இருக்கேன், நீ பாட்டுக்கு..."

"கை தவறினா ஃபோட்டோ போகும். ஓரத்தை வெட்டிட்டுமா போகும்?"

"மெதுவாப் பேசு. பொண்ணு கீழதான் பல் விளக்கிட்டு..."

"நான் மெதுவாப் பேசி நீங்க என்னிக்குக் கேட்டிருக்கீங்க? அந்தப் பல் டாக்டருக்கு வயசு அம்பத்திரெண்டு. முடின்னு பார்த்தா காதுக்கு மேல நாலு இழை. அந்த வழுக்கை தெரியாம, கையும் கடிகாரமும் மட்டும் தெரியற மாதிரி வெட்டியிருக்கீங்க. இது கை தவறினதா?"

லிஃப்ட்காரர் மொட்டைமாடிப் புறாக் கூண்டின் கம்பி வலைக்குள் கையை விட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தை நேராக வைத்தார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"மாப்பிள்ளை அந்த ஃபோட்டோவைப் பார்த்துட்டாரா?" என்றாள் மனைவி.

"பார்த்துட்டான். ரெண்டு நீல டிக் விழுந்திருக்கு."

"என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"இன்னிக்கு ஞாயிறு. ஒரு வார்த்தை பதில் வந்துச்சா?"

"வரும். வார்த்தை எதுக்கு? ஆளே வருவான்."

அவர் வானத்தைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். மணி ஏழரை. முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு லாரியின் கதவைத் திறந்து பந்தயப் புறாக்களை ஆறு மணிக்கே பறக்க விட்டிருப்பார்கள். அவற்றில் ஒன்று அவருடையது. நெஞ்சை நிமிர்த்தி நடப்பதால் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். அதன் ஜோடி, எதற்கெடுத்தாலும் தலையைச் சாய்த்து முறைக்கும் சாம்பல் பெட்டை, டீச்சர்.

ஊரில் உள்ள லிஃப்டுகளை எல்லாம் ஏறி இறங்கிப் பழுது பார்ப்பது அவருடைய வேலை. உயிர் இருப்பது என்னவோ இந்தக் கூண்டில்தான். புறாப் பந்தயத்தில் அவர் கையாளும் முறைக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'காட்டிப் பிரிக்கிறது'. வாரம் முழுக்க ஆணையும் பெட்டையையும் தனித்தனியே அடைத்து வைப்பார். கூடையில் ஏற்றும் நாளில் மட்டும் பத்து நிமிடம் பெட்டையைக் காட்டுவார். ஆண் கழுத்தை உப்பிக்கொண்டு சுற்றி வரத் தொடங்கும்போது பிடித்துக் கூடைக்குள் போட்டுவிடுவார். அப்படிப் போன புறா வழியில் எந்த மரத்திலும் உட்காராது. சில நேரம், அந்தப் பத்து நிமிடத்துக்குள் வேறொரு இளம் ஆணைப் பெட்டைக்குப் பக்கத்தில் ஒரு கணம் விட்டு எடுப்பார். அது கடைசி ஆயுதம். அதைப் பார்த்துவிட்டுப் போன புறா காற்றை எதிர்த்தும் வந்து சேரும் என்பது அவர் கணக்கு.

அதே கணக்கை மாப்பிள்ளையிடமும் போட்டுவிட்டார்.

"புறாவுக்குச் செய்யறதை மனுஷனுக்குச் செய்யலாமா?" என்றாள் அவள்.

"ஜோடின்னா ஜோடிதான். பிரிஞ்சிருந்தாத்தான் அருமை தெரியும்."

"இருபத்தெட்டு வருஷமா உங்களோட இருக்கேன். என்னை எதைக் காட்டிப் பிரிச்சீங்க?"

"உன்னை எப்படிப் பிரிக்கிறது? நீ திரும்பி வரலைன்னா எனக்குச் சோறு யார் போடுவா?"

"வருவேன். வந்து உங்களைக் கூண்டுல அடைப்பேன்."

படியில் காலடி கேட்டது. இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். மகள் தலையை மட்டும் நீட்டி, "சண்டையா, ஒத்திகையா?" என்று கேட்டாள்.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பேசிட்டிருந்தோம்," என்றார் அப்பா.

"அம்மா பக்கம்தான் பலமா அடிக்குது போல," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

அவள் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பல் கட்டும் கூடம் ஒன்றில் ஒன்பது வருடமாக மெழுகிலும் பீங்கானிலும் பல் செய்கிறாள். அதனால்தான் கணவன் செல்லமாக அவளைப் 'பல்லி' என்பான். அவன் நில அளவைக்காரன். மலைப்பக்கம் ஒரு அணை வேலைக்கு இரண்டு வருடம் போகச் சொன்னார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே, "வேணும்னா நீயும் வா," என்றான்.

அந்த ஒரு 'வேணும்னா'தான் அவளை எழுப்பிவிட்டது. மறுநாள் காலை ஒரு பையோடு இங்கே வந்துவிட்டாள். அவன் கூப்பிடுவான் என்று அவளும், அவள் கேட்பாள் என்று அவனும் இருந்ததில் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

இன்றுதான் அவன் கிளம்பும் நாள்.

*

பத்தரைக்கு அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். ரயில் நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடை என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவள் அவள்தான். அங்கே எல்லாருக்கும் குரலம்மா. வாசலில் நின்று, மேலே பார்த்து, விரலை மட்டும் ஆட்டினாள். 'மகளிடம் சொல்லிவிடுங்கள்' என்று அர்த்தம். லிஃப்ட்காரர் அதைக் காற்றாடி விடும் சைகை என்று எடுத்துக்கொண்டவர் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினொன்று ஆயிற்று. பதினொன்றே கால் ஆயிற்று. போன் அடித்தது. சங்கத்து ஆள் ஒருவர். அவருடைய புறா வந்துவிட்டதாம். அரை மணியில் இன்னொருவர். அவருக்கும் வந்துவிட்டதாம்.

மகள் டீயோடு மேலே வந்தாள். அப்பா, புறா வந்து இறங்கும் பலகையருகே, அது இறங்கியதும் அதன் கால் வளையத்தைத் தொட வைத்து நேரம் பதியும் கடிகாரத்தின் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் வரலையா?"

"வரும்."

அவள் கூண்டுக்கு முன்னால் குந்தினாள். கீழ்த்தட்டில் முட்டையோடு ஒரு ஜோடி. பெட்டை எழுந்து சிறகை உதறியது. ஆண் நெருங்கி வந்து, காலை மெதுவாக நகர்த்தி, முட்டைகளின் மேல் படிந்தது. பெட்டை தீனித் தட்டை நோக்கி நடந்தது.

"பாருங்கப்பா. ராத்திரி முழுக்க அவ இருந்தா. இப்ப இவன் முறை. இனி சாயங்காலம் வரை இவன்தான். இன்னிக்குக் கொஞ்சம் லேட்டு, அதுக்குக்கூட அவ ஒண்ணும் சொல்லலை."

"இதெல்லாம் வீட்டுப் புறா. பந்தயத்துக்கு ஆகாது."

"நீங்க எப்பவும் பறக்கறதைத்தான் பார்ப்பீங்க. உட்கார்ந்திருக்கிறதைப் பார்க்கவே மாட்டீங்க."

"உட்கார்ந்திருக்கிறதுல பார்க்க என்னடி இருக்கு?"

"அதுதானேப்பா ஜோடி."

அவர் டீயை ஊதினார். மறுபடி வானத்தைப் பார்த்தார். கழுத்து வலித்திருக்க வேண்டும், பிடரியைப் பிடித்துவிட்டுக்கொண்டார். பிறகு, தனக்குள் சொல்வதாக நினைத்து உரக்கச் சொல்லிவிட்டார்:

"அவனும் வரலை, இவனும் வரலை."

"எவன்?"

"ம்?"

"அவனும் இவனும்னீங்க. ஒருத்தன் இன்ஸ்பெக்டர். இன்னொருத்தன் யாரு?"

லிஃப்ட்காரருக்குப் பொய் சொல்லத் தெரியும், உடனே சொல்லத்தான் வராது. பழுதான லிஃப்டைத் திறந்து பார்க்க நேரம் கேட்பது போலப் பொய்க்கும் அவருக்கு நேரம் வேண்டும். மகள் அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை.

"அப்பா, அவரை என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. ஒரு ஃபோட்டோ..."

"என்ன ஃபோட்டோ?"

போனைக் காட்டினார். வியாழக்கிழமை மாலை, கீழ்க் கூடத்தில், அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். பக்கத்தில் ஒரு ஆணின் கை. நல்ல கடிகாரம்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அன்னிக்கு எதுக்குச் சிரிச்சேன்னு தெரியுமாப்பா உங்களுக்கு?"

"எதுக்கோ சிரிச்சே."

"ஒரு பெரியவருக்குப் பல்செட் செய்யணும்னு டாக்டர் வீட்டுக்கே வந்திருந்தாரு. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து விடணும்னு கேட்டாராம். அவருக்குச் சொந்தப் பல்லுல அப்படித்தான் இருந்துச்சாம். சந்து இல்லாம போனா வீட்டுல அந்தம்மா 'யாருங்க நீங்க'ன்னு கேட்கும்னாராம். எவ்வளவு சந்துன்னு காட்ட, அந்தம்மாவோட ஊசியைக் கொண்டு வந்திருக்காரு. டாக்டர் அந்த ஊசியை எடுத்துக் கூடத்து மேசையில வச்சாரு. அதுக்குத்தான் சிரிச்சேன்." அவள் போனை அவர் பக்கம் திருப்பினாள். "அதை வெட்டி, ஒட்டி, என் புருஷனுக்கு அனுப்பியிருக்கீங்க."

"ஒட்டலை. வெட்டினேன் அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"அவன் ஓடி வருவான்னுதான்."

"நான் என்ன டீச்சரா? பத்து நிமிஷம் காட்டிட்டு உள்ள தள்ளறதுக்கு? வர்றவன் என் மேல ஆசைப்பட்டு வரணுமா, எவனோ தட்டிட்டுப் போயிடுவான்னு பயந்து வரணுமா?"

"எதுக்கு வந்தா என்ன? வந்தாப் போதாதா?"

"போதாதுப்பா!"

முட்டை மேல் இருந்த ஆண் புறா தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு அலகால் ஒரு முட்டையைச் சற்றுத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி படிந்துகொண்டது.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வித்தைதான்டி," என்றார். "நீ சாயங்காலமானா ஜன்னல்ல நிக்கிறதைப் பார்க்க முடியலை."

*

இரண்டு மணிக்கு, முதல் நடைமேடைக்கு மேலே கண்ணாடி அறையில், தாமதமாக வரும் வண்டிக்கு வருத்தம் தெரிவித்துவிட்டுக் குரலம்மா நிமிர்ந்தாள். நான்காம் நடைமேடை பெஞ்சில் ஒரு ஆள். முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரியிடம் ஒலிவாங்கியைத் தள்ளிவிட்டு, மேம்பாலப் படியில் ஏறி இறங்கினாள்.

"எந்த வண்டி மாப்பிள்ளை?"

அவன் பதறி எழுந்தான். "நீங்கதானே அத்தை சொன்னீங்க? மூணு பத்து, நாலாவது பிளாட்பாரம்."

சிரிக்கலாமா வேண்டாமா என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அவன் காலடியில் ஒரு சூட்கேஸ். அதையொட்டி, கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி.

"இது?"

"அவளோட சாமான் அத்தை. இஸ்திரிப் பெட்டி, மழைச் செருப்பு, மெழுகு உருக்கற அந்தச் சின்ன அடுப்பு. வீட்டைக் காலி பண்ணிட்டேன். நானே வந்து கொடுத்திருக்கணும். தைரியம் வரலை. உங்க ஆபீஸ்ல வச்சுட்டுப் போகலாம்னு..."

"ஃபோட்டோவைப் பார்த்தீங்களா?"

அவன் கயிற்றின் முடிச்சைத் தொட்டான். "பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"முதல்ல எரிஞ்சுது. பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கை யார் கைன்னு பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். அப்புறம் அவ முகத்தைப் பார்த்தேன். அவ அப்படி வாய்விட்டுச் சிரிச்சு நான் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு அத்தை. சரி, நல்லாத்தானே இருக்கா, நாம எதுக்குக் குறுக்கேன்னு தோணிச்சு. உடனே பெட்டியைக் கட்டிட்டேன்."

குரலம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கணவரின் கணக்கு அவளுக்கு முன்னால் தலைகீழாகக் கிடந்தது. பொறாமையில் புறா பறந்து வரும். இவன் ஒதுங்கிக்கொண்டான். ஒதுங்குவதையே அன்பென்று நினைத்து, கயிறும் கட்டிவிட்டான்.

எல்லாவற்றையும் சொன்னாள். வழுக்கையைச் சொன்னாள், வெட்டியதைச் சொன்னாள், கூண்டு வித்தையைச் சொன்னாள். அவன் வாயைத் திறந்தபடி கேட்டான்.

"அப்போ மாமா என்னைக் கூடையில ஏத்திட்டாரு."

"ஏத்திட்டாரு. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"நீங்க எதுக்கு அத்தை? ஐயோ, உட்காருங்க."

"அவளைக் கூப்பிடட்டுமா?"

"நீங்க கூட்டிட்டு வரக்கூடாது. அவளா வந்தா வரட்டும்."

"நீங்க கூப்பிடுங்களேன்."

"கூப்பிடலாம். 'எனக்கு அங்க என்ன வேலை'ன்னு அவ கேட்டா என்கிட்ட பதில் இல்லையே. ஒன்பது வருஷ வேலையை விட்டுட்டு வான்னு எந்த வாயால சொல்றது? அதனாலதான் அன்னிக்கு அப்படிச் சொன்னேன். கட்டாயப்படுத்தற மாதிரி இருக்கக்கூடாதுன்னு."

"அது அவளுக்கு 'வராட்டியும் பரவாயில்லை'ன்னு கேட்டிருக்கு மாப்பிள்ளை."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இப்படி ஒரு அர்த்தம் அதற்கு உண்டு என்று இரண்டு மாதமாக அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

குரலம்மா கண்ணாடி அறைக்கு ஓடினாள். வீட்டுக்குப் போன் போட்டாள். மகள்தான் எடுத்தாள்.

"அப்பா சொன்னாரா?"

"சொன்னாரு."

"மாப்பிள்ளை இங்க இருக்காரு. ஃபோட்டோ விஷயத்தை நான் சொல்லியாச்சு. மூணு பத்து வண்டி, நாலாவது பிளாட்பாரம். தினமும் ஆயிரம் பேருக்கு இதைத்தான் சொல்றேன், உனக்கும் சொல்றேன். வான்னும் சொல்ல மாட்டேன், வராதேன்னும் சொல்ல மாட்டேன்."

"அம்மா, உங்க சாமர்த்தியம் இருக்கே..."

"மணி ரெண்டரை," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

*

மகள் செருப்பை மாட்டுவதற்குள் அப்பா ஸ்கூட்டர் சாவியோடு படியிறங்கி வந்தார்.

"நீங்க எங்க?"

"பஸ்ல போனா மூணரை ஆகும்."

"இன்ஸ்பெக்டர் வந்தா? கடிகாரத்துல யார் பதிவாங்க?"

"வந்தா வரட்டும். உட்காரு."

ஸ்கூட்டர் கிளம்பித் தெருமுனை திரும்பும்போது மேலே ஏதோ ஒரு நிழல் வேகமாகக் கடந்தது. லிஃப்ட்காரரின் தலை தன்னையறியாமல் பாதி உயர்ந்தது. பின்னால் இருந்த மகள் அதைப் பார்த்தாள். தலை மறுபடி சாலைக்கு இறங்கியது. அவர் கியரை மாற்றினார்.

வழி முழுக்கச் சிக்னல்கள் எல்லாம் சிவப்பாகவே இருந்தன. "இன்னிக்குன்னு பார்த்து!" என்று ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே வந்தார். மகள் பின்னால் உட்கார்ந்து, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு வசனம் மாறியது.

மூன்று மணிக்கு நான்காம் நடைமேடை. வண்டி வந்து நின்றிருந்தது. அவன் கதவருகே, சூட்கேஸை உள்ளே வைத்துவிட்டு, அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

லிஃப்ட்காரர் முன்னால் போனார். "மாப்பிள்ளை, தப்பு என்னோடது. அந்த ஆளுக்கு முடியே..."

"தெரியும் மாமா. நீங்க போய் ஒரு டீ சாப்பிடுங்க."

"எனக்கு டீ வேண்டாம்."

"அப்பா," என்றாள் மகள்.

"சரி, சாப்பிடறேன்."

அவர் போனார். பத்தடி தள்ளி நின்று, விலைப்பட்டியலைப் படிப்பவர் போல முதுகைக் காட்டிக்கொண்டார்.

"அம்மா சொல்லிட்டாங்களாமே," என்றாள் அவள்.

"சொன்னாங்க."

"அப்புறம் எதுக்கு இன்னும் பெட்டியைப் பிடிச்சுட்டு நிக்கற? கீழ வை."

அவன் வைக்கவில்லை. "உன்னைக் கேட்காம கையெழுத்துப் போட்டது தப்பு பல்லி."

"தப்புதான்."

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயம். அதான் கேட்கலை."

"சொல்லியிருப்பேன். சண்டை போட்டிருப்போம். சண்டை போட்டு, ஏதாவது ஒரு வழி பண்ணியிருப்போம். நீ எனக்கு அந்தச் சண்டையைக்கூடத் தரலை."

அவன் தலையை ஆட்டினான். ஒலிபெருக்கி கரகரத்தது. வண்டி இன்னும் ஐந்து நிமிடங்களில் புறப்படும் என்று அவளுடைய அம்மாவின் குரல், எந்த நடுக்கமும் இல்லாமல், ஊருக்கெல்லாம் பொதுவாக அறிவித்தது. சுற்றிலும் ஜனங்கள் வேகமாக ஏறத் தொடங்கினார்கள். யாரோ ஒருவர் மூட்டையோடு இவர்களுக்கு நடுவே புகுந்து போனார்.

"அந்த மலையில பல் கட்டற இடம் ஏதாவது இருக்குமா?" என்று கேட்டாள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"விசாரிச்சேன். பக்கத்து ஊர்ல ஒண்ணு இருக்கு. நாப்பது நிமிஷம்."

"எப்ப விசாரிச்சே?"

"முதல் வாரமே."

"முதல் வாரமே விசாரிச்சுட்டு, இத்தனை நாளா வாயில என்ன வச்சிருந்தே?"

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கையில் இருந்த பெட்டியை இப்போதுதான் கீழே வைத்தான். ரயிலுக்குள் இல்லை, அவள் பக்கமும் இல்லை, இரண்டு பேருக்கும் நடுவில்.

"உன்னைக் கூட்டிட்டுப் போகணும்னுதான் எனக்கு ஆசை. டிக்கெட்கூட ரெண்டு பேருக்கு எடுக்கலாமான்னு நின்னேன். ஆனா ஃபோட்டோவைப் பார்த்ததுலேர்ந்து, நான் இல்லாதப்பத்தான் நீ நல்லா இருக்கியோன்னு ஒரு கேள்வி உள்ள உட்கார்ந்துட்டு எழுந்து போக மாட்டேங்குது."

"கேளு."

கார்டு பச்சைக் கொடியை விரித்தார். அவன் படியில் ஒரு காலை வைத்தான், மற்றதைத் தரையிலேயே வைத்திருந்தான்.

"எனக்காகச் சொல்லாதே, உங்கப்பாவுக்காகவும் சொல்லாதே. நான் பக்கத்துல இல்லாத இந்த ரெண்டு மாசமும், நீ நல்லாத் தூங்கினியா?"